மூன்றாவது ரவுடி சிரித்த இடம்

டொம் தெரனெல்லி இறந்துவிட்டார் என்று அவருடைய மனைவி தெரேசா தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். வாய்க்குள் அடங்கிய சிரிப்பு அல்ல. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி கமலா, "ஆரது? என்ன பகிடி?" என்று கத்தியோடு வெளியே வரும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்ததோடு நின்றேனா? "இந்த முறை நான் சட்டை மாத்த மாட்டன் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" என்று வேறு சொன்னேன்.



"இந்த முறை மெய்தான்" என்றார் தெரேசா. விடைபெறாமலே தொலைபேசியை வைத்துவிட்டார்.

நாற்பத்தேழு வயது எனக்கு. மூன்று பிள்ளைகளின் தகப்பன். மரக்கறிக்கடை வாசலில் நீங்கள் இலவசமாக எடுத்துப்போய், வாசித்தோ வாசிக்காமலோ மீன் சுற்றும் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் பகிடி எழுதுகிறவன். கணவன் இறந்து இரண்டு மணித்தியாலம் ஆகாத ஒரு பெண்ணின் காதில் விழுந்த முதல் ஆறுதல் என்னுடைய சிரிப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊர் சொல்லும். ஊர் சொன்னால் இரண்டு சிரிப்பாகிவிடும்.

என் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. டொம் ஏற்கனவே இரண்டு தடவை செத்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், மரணச்சடங்கு மண்டபத்திலிருந்து பேசுவதாக ஒரு கனத்த குரல் எனக்குத் தொலைபேசியில் வந்தது. காலமான திரு. தெரனெல்லி, இறுதிச் சடங்கில் பேச என் பெயரை எழுதிவைத்திருக்கிறாராம். நான் பதறியடித்துப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் டொம். ஒரு கையில் மணிக்கூடு, இடுப்பில் சமையல் துணி.

"பன்னிரண்டு நிமிசம். உம்மட வீட்டில இருந்து இஞ்ச வர அஞ்சு நிமிசம் போதும். மிச்சம் ஏழு நிமிசமும் என்ன செய்தனீர்?"

"சட்டை மாத்தினனான்."

"பார் தெரேசா, நான் செத்ததுக்கு இந்தாள் ஸ்திரி போட்ட சட்டையோட வந்திருக்கு!"

இரண்டாம் தடவை தெரேசாவையே பேசவைத்தார். அப்போது நான் சட்டை மாற்றாமல் ஓடினேன். ஆறு நிமிடம். "முன்னேற்றம்" என்றார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவைக்கிறேன். டொம் பேசியது நியூயோர்க் மாநிலத்து ஆங்கிலம். ஆனால் அவர் பேசியதெல்லாம் என் காதுக்குள் போகும்போதே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். 'காணும்' என்று உரிமையோடு என்னை அவர் ஒருநாளும் அழைத்ததில்லை; எனக்கு ஒருநாளும் வேறுவிதமாகக் கேட்டதுமில்லை. ஆகவே கேட்டபடியே எழுதுகிறேன்.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். 'அந்த இத்தாலிக்காரர்' என்றும், பிள்ளைகள் 'டொம் அங்கிள்' என்றும் சொல்லும் அந்த மனிதர், உண்மையில் கனடா எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோ நகரத்தில் பிறந்த அமெரிக்கர். தகப்பன் இத்தாலியிலிருந்து வந்த முடிதிருத்துபவர். டொம் சின்னச் சின்ன இரவு விடுதிகளில் தனியே நின்று பகிடி சொல்லித் தொடங்கி, நியூயோர்க் போய், தொலைக்காட்சியில் மற்றவர்களின் வாய்க்கு வசனம் எழுதினார். பிறகு ஹொலிவூட். அங்கே மற்றவர்கள் எழுதிக் கெடுத்த திரைக்கதைகளைப் பெயர் போடாமல் திருத்திக் கொடுத்தார். நடிக்கவும் கூப்பிட்டார்கள். ஆனால் இத்தாலியப் பெயர் உள்ளவனுக்கு அங்கே கிடைத்தது மூன்றே வேடம்: பீட்சா போடுகிறவன், கல்யாண வீட்டில் அழுகிற மாமா, ரவுடி.

"முதலாவது ரவுடிக்கு வசனம் இருக்கும். ரெண்டாவது ரவுடிக்குச் சுடத் துவக்கு இருக்கும். நான் எப்பவும் மூண்டாவது ரவுடி. எனக்குச் சாப்பாட்டுத் தட்டு" என்பார்.

தானே எழுதித் தானே நடித்த படம் ஒன்று உண்டு. தன்னிடம் முடிவெட்ட வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லப்போய், ஒவ்வொருவர் குடும்பத்தையும் குழப்பிவிடும் ஒரு முடிதிருத்துபவரின் கதை. நியூயோர்க்கில் நடக்கும் கதைதான். ஆனால் செலவு குறைவென்று படம் எடுத்தது இங்கே ரொறன்ரோவில். நம்முடைய துப்புரவான தெருவில் லொறியில் கொண்டுவந்து குப்பை கொட்டினால் அது நியூயோர்க். அந்தப் படத்தில் உடை தைத்தவர் தெரேசா. ஆறு கிழமைப் படப்பிடிப்புக்கு வந்த டொம் பதினெட்டு வருடம் தங்கிவிட்டார். படம் ஒரு கிழமைதான் ஓடியது. "ஆனா கலியாணம் இன்னும் ஓடுது" என்பார், தெரேசா கேட்கும் தூரத்தில் இருந்தால்.

நான் அவரைச் சந்தித்ததும், பிறகு வேறொரு படத்துக்காகக் குப்பை கொட்டிய தெருவில்தான். நான் வேலை செய்த தொழிற்சாலை மூடிக்கிடந்த காலம். படப்பிடிப்பில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் போதும், மத்தியானச் சாப்பாடும் தருவார்கள் என்று யாரோ சொல்லப் போனேன். படத்தில் டொம் தெருவோரத்தில் ஹொட்டோக் விற்கும் வண்டிக்காரர். நான் வரிசையில் நின்று வாங்கும் நியூயோர்க்வாசி. அவருக்கு எழுதிக்கொடுத்த வசனம் ஒரே வசனம். அவர் அதை விட்டுவிட்டு, பாணுக்குள் இறைச்சியை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உம்மட மனிசி இப்பத்தான் வந்திட்டுப் போனவ. உமக்கு ஒண்டும் குடுக்க வேண்டாமாம்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்று கமலாவுக்குச் சத்தியம் செய்திருந்தவன் நான். அந்த மனிதருக்கு யார் சொன்னது? நான் சிரித்துவிட்டேன். மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரித்தேன். மூன்றாம் தடவையும் கெடுத்ததும், என்னை வீட்டுக்கு அனுப்ப ஒருவர் வந்தார். டொம் விடவில்லை.

"இந்தத் தெருவில நூறு பேர் நிக்கினம். காது உள்ளவன் உவன் ஒருத்தன்தான். உவன் நிக்கட்டும்."

பிறகு வண்டியைச் சுற்றி வந்து என் காதருகே சொன்னதுதான், நான் அவரிடமிருந்து கேட்ட முதல் தொழில் ரகசியம்: "காணும், பகிடியைச் செத்தவீட்டுச் செய்தி மாதிரிக் கேளும். நீர் சிரிக்காதேயும். சனம் உம்மட முகத்தைப் பாத்துச் சிரிக்கும். பகிடி சொல்லுறவன்ர வாயில இல்லை, கேக்கிறவன்ர முகத்தில இருக்கு."

நாலாவது தடவை சரியாக வந்தது. படம் வீடியோவில் வந்தபோது இருபது பேரைக் கூப்பிட்டு, வடை சுட்டு, வீடியோக் கொப்பியைப் போட்டுக் காட்டினேன். திரையில் தெரிந்தது என்னுடைய முழங்கை. "அவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டுச் சனம் வடையைக் கட்டிக்கொண்டு போனது. டொம்மிடம் முறையிட்டேன். "முழங்கை அளவோட நடிச்சிருக்கு. அதுக்கு மேல போயிருந்தாக் கெட்டிருக்கும்" என்றார்.

இருவரும் அஜின்கோர்ட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தோம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைக் காலைகளில் அவருடைய குசினி மேசையில் போய் உட்காருவேன். அந்த வாரம் எழுதிய பகிடியை ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டு, வாக்குமூலம் எடுக்கும் பொலிஸ்காரர் மாதிரிக் கேட்பார். சிரிக்கமாட்டார். நன்றாக இருந்தால் தலையை ஒரு அங்குலம் அசைத்து, "ஓம், பகிடிதான்" என்பார். இல்லாவிட்டால், "அப்ப கேட்டுக்கொண்டு நிக்கிறவன் ஆர்?" என்பார். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறவனை எழுத மறந்திருப்பேன். இன்றைக்கும் மறப்பேன்.

"நீங்கள் ஒருநாளும் சிரிக்கவே மாட்டியளோ?" என்று கேட்டிருக்கிறேன்.

"சமையல்காரன் சமைக்கேக்க சாப்பிடுறானோ? மணந்து பாக்கிறான். நான் மணந்து பாக்கிறன்."

மணந்து பார்த்தால் போதுமா? எனக்குப் போதாது. எங்கள் சனம் என்னுடைய பகிடிக்குச் சிரிக்கிறதுதான். ஆனால் அவர்கள் என்னைத் தெரிந்தவர்கள். பாதிச் சிரிப்பு என் மூக்குக்கு, மீதிச் சிரிப்பு என் குடும்பக் கதைக்கு. தொழில் தெரிந்த ஒரு மனிதன், என் பகிடியைத் தவிர வேறு காரணமில்லாமல், ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தால், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றிருந்தேன். ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் போனது அந்த ஒரு சிரிப்புக்காகத்தான். கோப்பி அவ்வளவு நல்லதில்லை.

இடையில் என் மாமனார் தவறினார். டொம்மும் தெரேசாவும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். வெறுங்கையோடு செத்தவீட்டுக்குப் போவது அவர்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆகவே டொம் தன் கையாலேயே ஒரு பெரிய தட்டு லசானியா செய்து, சுடச்சுடத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுக்கடுக்காக மாட்டிறைச்சி. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மச்சம் முப்பத்தொரு நாளைக்கு வாசற்படி ஏறக்கூடாது. கூடத்தில் இருந்த அன்ரிமார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தினார்கள். கமலாதான் எழும்பிப் போய், இரண்டு கையாலும் வாங்கி, "தாங்க்யூ டொம்" என்று சொல்லி, நேரே பால்கனிக்குக் கொண்டுபோய்ப் பனிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

போகும்போது அவர் "பிறகு சந்திப்பம்" என்று சொல்ல வாயெடுத்தார். நான் தடுத்து, செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்லக்கூடாது, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும் என்றேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்டும் சொல்லாமலோ?"

"ஓம்."

"நான் நாற்பது வருசமா ஆக்களை மேடையில இருந்து எப்பிடி வெளியில அனுப்பிறதெண்டு மண்டையை உடைக்கிறன். உங்கட சனம் இதைச் சும்மா வைச்சிருக்கு!"

அன்றிலிருந்து தொலைபேசியில் அவர் விடைபெற்றதே இல்லை. பேச்சு முடிந்தால் வைத்துவிடுவார். தெரேசாவுக்கும் அதுவே பழகிவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் டொம் வந்து, பால்கனியில் கல்லாய் உறைந்துகிடந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

இனி நாடகக் கதை. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நான் எழுதி நடித்த நாடகத்தை ஒஷாவாவிலிருந்துகூட வந்து பார்த்தீர்கள், மறந்திருக்கமாட்டீர்கள். மறந்தாலும் நான் நினைவூட்டாமல் விட்டதில்லை. அஜின்கோர்ட் அபார்ட்மென்டில் இருக்கும் தகப்பன் ஒருவர், மகளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாருக்காக, மார்க்கம் நகரத்தில் சிநேகிதனுடைய பெரிய வீட்டை ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்குகிறார். அந்தத் தகப்பன் நான். என் கையெழுத்து எனக்கே விளங்காது என்பதால், முழு நாடகத்தையும் கமலாதான் ஆளுக்கொரு பிரதியாக எழுதிக்கொடுத்தாள். டொம்முக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் என்னுடைய பிரதியை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலால் பக்கம் பக்கமாகச் சின்னப் பெட்டிகள் கீறி, யார் எந்தக் கதவால் வருகிறான், யார் கடைசியாகப் போகிறான் என்று அம்புக்குறி போட்டார். நான் வரிக்கு வரி விளங்கப்படுத்த, பாதிப் பகிடியை வெட்டினார். நான் அழாத குறை.

நாடகத்தன்று அவர் முன்வரிசையில், கமலாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். திரை விலகி மூன்று நிமிடத்தில், தொடையில் அடித்துச் சிரித்தார்! மண்டபம் சிரிப்பதற்கு அரைக் கணம் முந்தியே சிரித்தார். அடுத்த பகிடிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். தமிழ் தெரியாத மனிதன்! வெள்ளைக்காரனே சிரிக்கிறான் என்று பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது. நான் வசனம் பேசிக்கொண்டே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சியில் சம்பந்தி என்னைப் பார்த்து, "உங்கட வீட்டில பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அதற்கு எனக்கு மூன்று வரி அருமையான பதில் இருந்தது. டொம்மைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மூன்று வரியும் மறந்துபோயிற்று. நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சரி, அதை விடுங்கள். மண்டபம் எப்படியோ சமாளித்துச் சிரித்தது.

நல்ல பகிடிக்கு மொழி தேவையில்லை என்று அதற்குப் பிறகு இந்தப் பத்தியில் இரண்டு வருடமாக எத்தனை தடவை எழுதியிருப்பேன்? உங்களுக்கு அலுத்திருக்கும். எனக்கு அலுக்கவில்லை.

டொம் இந்த ஜனவரியில் ஒரு காலை முகம் வழித்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து விழுந்தார். மணிக்கூட்டைக் கையில் பிடித்து, யார் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. மரணச்சடங்கு மண்டபத்துக்கு நான் போக மறுத்தேன். துக்கத்தால் அல்ல, வெட்கத்தால். கமலாதான் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கையில் ஒரு பெரிய தட்டு: மரக்கறி போட்ட லசானியா, வாழ்க்கையில் முதல்தடவையாகச் செய்தது. தெரேசா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பால்கனியைத் தேடவில்லை, நல்ல மனுசி.

பெட்டிக்குள் டொம் நல்ல சட்டையோடு கிடந்தார். ஸ்திரி போட்டது.

"பாதி முகம்தான் வழிச்சிருந்தவர்" என்றார் தெரேசா. "மிச்சப் பாதியை நான் வழிச்சுவிட்டனான். மண்டபத்து ஆக்களை விடேல்லை."

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "தெரேசா, அண்டைக்கு நான் சிரிச்சிட்டன்."

"ஓம். கேட்டது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். இப்பவும் கொஞ்சம் இருக்கு." குனிந்து டொம்முடைய முகத்தைப் பார்த்தார். "ஆனா உங்களுக்குப் பிறகு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி, எல்லாரும் அழ அழக் கேட்டுக்கொண்டிருந்தனான். அவர் செத்ததுக்கு ஒருத்தன் சிரிக்கேல்லையெண்டா, அவர் நாற்பது வருசமா என்ன வேலை செய்தவர்?"

நான் அழுதேன். அவர் என் தோளில் தட்டிக்கொண்டே, வேறு ஏதோ நினைவு வந்ததுபோலக் கேட்டார்: "உங்கட நாடகத்துக்கு அவர் வந்த அண்டைக்கு என்ன நடந்தது? வீட்டுக்கு வரேக்க இடக்கை முழுக்க நீலம். என்னெண்டு கேட்டா, 'நல்ல நாடகம்' எண்டு மட்டும் சொன்னவர்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கமலா பெட்டியில் இருந்த பூக்களைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

நாங்கள் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தோம். தெரேசாவும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும்.

டொம்மிடமிருந்து என்னிடம் இருப்பவை அதிகமில்லை. என் முழங்கை தெரியும் ஒரு வீடியோக் கொப்பி. பெட்டிகளும் அம்புக்குறிகளும் கீறிய ஒரு நாடகப் பிரதி. பகிடியை எழுதுமுன், கேட்டுக்கொண்டு நிற்கிறவனைத் தேடவேண்டும் என்ற ஒரு நினைப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக அந்தச் சிரிப்பு. ஐந்து வருடம் காத்திருந்து, மொழி தெரியாத மனிதரிடம் நான் வாங்கிய நற்சான்றிதழ். இதோடு எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் அன்று வீடு திரும்பும்போது, 401 நெடுஞ்சாலையில் கமலா கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொன்னாக் குறை நினைக்கக்கூடாது."

"என்ன?"

"அண்டைக்கு நாடகத்தில நான்தான் அவரைக் கிள்ளினனான்."

"ஆரை?"

"டொம்மை. நீங்கள் மேடையில இருந்து தன்ர முகத்தையே பாப்பியள் எண்டு அவருக்குத் தெரியும். எங்க சிரிக்கவேணுமெண்டு காட்டச்சொல்லிக் கையை நீட்டினவர். நாலு பிரதி எழுதின எனக்குப் பகிடி வரப்போற இடம் தெரியாதோ? வரமுதலே கிள்ளினனான்."

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பாதை வலது பக்கத்தில் வந்து, போய்விட்டது.

"எல்லா இடத்திலயுமோ?" என்று கேட்டேன்.

கமலா யோசித்தாள். "இல்லை. ஒரு இடத்தில கிள்ளேல்லை. அது நான் எழுதின பிரதியில இல்லை. அதில அவர் தன்பாட்டில சிரிச்சவர். கண்ணால தண்ணி வரச் சிரிச்சவர்."

"எந்த இடம்?"

"நீங்கள் வசனத்தை மறந்துபோட்டு நிண்டனீங்களே, அதில."